சொந்த வீடு கட்டும் குடும்பங்களுக்கு: சேலையூர் பகுதிக்கான ஒரு வழிகாட்டி



வீட்டை மன அமைதிக்குரிய இடமாக ஆக்கித் தந்ததை அல்லாஹ் தன் அருட்கொடைகளில் ஒன்றாக அந்நஹ்ல் அத்தியாயத்தில் (16:80) நினைவூட்டுகிறான். ஆனால் அந்த வீட்டைக் கட்டும் காலமோ பல குடும்பங்களில் அமைதி குலையும் காலமாகி விடுகிறது. வாங்கிய மனைக்கு அனுமதி கிடைப்பதில்லை. மேஸ்திரி பாதியில் வேலையை விட்டுப் போகிறார். வீடு முடிந்து பத்து ஆண்டு கழித்து, "இது யார் காசில் கட்டியது?" என்று அண்ணன் தம்பிகள் ஜமாஅத்தில் வந்து நிற்கிறார்கள்.

இவற்றில் பெரும்பாலானவை எழுதி வைக்காததால் வருபவை. குர்ஆனின் மிக நீளமான வசனம் (2:282) கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கவும் சாட்சி வைக்கவும் கட்டளையிடுகிறது. வீடு கட்டுபவருக்கும் அதுவே முதல் பாடம். மனைக்கு ஒரு காகிதம், வேலைக்கு ஒரு காகிதம், குடும்பத்திற்குள் ஒரு காகிதம் என்று மூன்றும் சரியாக இருந்தால் செங்கலும் சிமென்டும் பின்னால் வந்து சேரும். சேலையூர், மாடம்பாக்கம், செம்பாக்கம், இராஜகீழ்ப்பாக்கம் பகுதிகளில் வீடு கட்ட எண்ணியிருக்கும் சகோதர சகோதரிகளை மனத்தில் வைத்து இக்கட்டுரை எழுதப்படுகிறது.

1. மனைக்கான காகிதங்கள்

சேலையூர் முன்பு தாம்பரம் நகராட்சியில் இருந்தது. 2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளையும், மாடம்பாக்கம், சிட்லபாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை பேரூராட்சிகளையும் இணைத்துத் தாம்பரம் மாநகராட்சி உருவானது. எனவே பழைய பத்திரங்களில் ஒரு உள்ளாட்சியின் பெயரும் இன்றைய வரி ரசீதில் வேறொரு பெயரும் இருப்பது இயல்பு. சர்வே எண்ணும் நான்கு எல்லையும் ஒத்துப் போகின்றனவா என்பதையே பார்க்க வேண்டும்.

மனை வாங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை:

- மூலப்பத்திரம் முதல் இன்றைய விற்பவர் வரை தொடர்ச்சியான பத்திரங்கள்
- குறைந்தது 30 ஆண்டுகளுக்கான வில்லங்கச் சான்று
- விற்பவர் பெயரில் பட்டா, புல வரைபடம்
- மனைப்பிரிவு அனுமதி எண், அல்லது வரன்முறைப்படுத்திய ஆணை
- விற்பவர் வாரிசாக இருந்தால் வாரிசுச் சான்று. பெண் வாரிசுகள் உட்பட அனைவரின் கையெழுத்து

கடைசியில் சொன்னதில் நம் குடும்பங்கள் தனிக் கவனம் செலுத்த வேண்டும். ஒரு சகோதரியின் பங்கை விழுங்கிவிட்டு விற்கப்படும் மனை, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், நமக்கு வேண்டாம். அது நீதிமன்றத்திலும் நிற்காது, மறுமையிலும் நிற்காது.

"பஞ்சாயத்து அப்ரூவல்" என்று சொல்லி விற்கப்பட்ட மனைகள் இப்பகுதியில் ஏராளம். மனைப்பிரிவுக்கு அனுமதி தரும் அதிகாரம் ஊராட்சித் தலைவருக்கு இல்லை. சென்னைப் பெருநகரப் பகுதிக்குள் அது சி.எம்.டி.ஏ.வின் வேலை. அனுமதியற்ற மனைகளின் பதிவுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்தது. அதன் பின் 2017-இல் வந்த வரன்முறைத் திட்டம், 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவான மனைகளுக்கு வழி திறந்தது. உங்கள் மனை அந்த வகையைச் சேர்ந்ததென்றால், வரன்முறை ஆணை கைக்கு வந்த பிறகே முன்பணத்திற்கு மேல் கொடுங்கள்.

வக்ஃப் சொத்தா என்பதையும் பாருங்கள். சர்வே எண்ணைக் கொண்டு வக்ஃப் வாரியத்திலும் சார்பதிவாளர் அலுவலகத்திலும் விசாரிக்கலாம். அல்லாஹ்வின் பெயரால் ஒதுக்கப்பட்ட நிலத்தில் அறியாமல்கூட நம் வீடு எழும்பக் கூடாது.

அடுத்தது தண்ணீர். சேலையூர், இராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், மாடம்பாக்கம் எல்லாம் ஏரிகளின் ஊர்கள். இப்பகுதியின் உபரி நீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை நோக்கி ஓடுவது. 2015 வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் தண்ணீர் எங்கே நின்றது என்பதை அந்தத் தெருவிலேயே குடியிருக்கும் நான்கு பேரிடம் கேளுங்கள். தரகரிடம் கேட்காதீர்கள். சுவரில் தண்ணீர் நின்ற கறையைக் காட்டுவார்கள். அந்த மட்டமே உங்கள் தரைத்தளத்தின் உயரத்தை முடிவு செய்ய வேண்டும்.

மேலும், தாம்பரம் விமானப்படைத் தளம் அருகில் இருப்பதால் சில இடங்களில் கட்டுமானத்திற்கும் உயரத்திற்கும் கட்டுப்பாடு உண்டு. தடையின்மைச் சான்று தேவைப்படும் இடமா என்பதை மனை வாங்கும் முன்பே மாநகராட்சியில் கேட்டுக் கொள்ளுங்கள்.

2. அனுமதி

தமிழ்நாட்டில் கட்டட அனுமதி 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி வழங்கப்படுகிறது. சாதாரண உயரமுள்ள கட்டடங்களுக்குத் தளப்பரப்புக் குறியீடு 2. அதாவது 1,200 சதுர அடி மனையில் எல்லாத் தளங்களையும் சேர்த்து 2,400 சதுர அடி வரை கட்டலாம். ஆனால் முன்னும் பின்னும் பக்கங்களிலும் விட வேண்டிய இடத்தை விட்ட பிறகு எவ்வளவு மிஞ்சுகிறது என்பதே நடைமுறை எல்லை.

2024 ஜூலையில் அரசு சுயசான்றுத் திட்டத்தைக் கொண்டு வந்தது. 2,500 சதுர அடிக்குள் உள்ள மனையில், தரைத்தளம் அல்லது தரைத்தளமும் முதல் தளமுமாக 3,500 சதுர அடிக்குள் வீடு கட்டுவோர், ஒற்றைச் சாளர இணையதளத்தில் வரைபடத்தையும் ஆவணங்களையும் ஏற்றிக் கட்டணம் செலுத்தினால் உடனே அனுமதி கிடைக்கும். அரை கிரவுண்டிலும் ஒரு கிரவுண்டிலும் கட்டும் நம் குடும்பங்களில் பெரும்பாலோர் இதற்குள் வந்து விடுவர். இதை இலகுவான வழி என்று மட்டும் பார்க்கக் கூடாது. பெயரே சொல்வது போல, சொன்னது உண்மை என்று சான்று கொடுப்பவர் நீங்கள். பொய்யான விவரம் தந்தால் அனுமதி ரத்தாகும். வரைபடத்தில் ஒன்றைக் காட்டிவிட்டுத் தளத்தில் இன்னொன்றைக் கட்டுவது கொடுத்த வாக்கை மீறுவதுதான்.

மழைநீர் சேகரிப்பு 2003 முதல் தமிழ்நாட்டில் கட்டாயம். பெயருக்கு ஒரு குழாயை மண்ணில் சொருகி வைக்காமல், மொட்டை மாடித் தண்ணீர் முழுவதும் வடிகட்டித் தொட்டிக்கோ கிணற்றுக்கோ போகும்படி செய்யுங்கள். கோடையில் லாரித் தண்ணீருக்குக் காத்திருப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

3. பணம்: வட்டியின்றி எப்படி?

இது நம் சமுதாயத்தின் மிகக் கடினமான கேள்வி. வட்டியில்லா வங்கி முறையை இந்தியாவில் கொண்டு வரும் யோசனையை மேற்கொண்டு தொடரப் போவதில்லை என்று ரிசர்வ் வங்கி முடிவு செய்த செய்தி 2017-இல் வெளியானது. ஆகவே வீட்டுக்கடன் என்றாலே வட்டி என்ற நிலைதான் பொதுவாக இருக்கிறது. வட்டியைத் தவிர்க்க நினைக்கும் குடும்பத்திற்கு நடைமுறையில் உள்ள வழி, கட்டடத்தைக் கட்டங்களாகப் பிரிப்பது.

இதில் பலர் செய்யும் பிழை, கையில் உள்ள பணத்திற்கு இரண்டு மாடிக்கும் தொடங்கி, எதையும் முடிக்காமல் நிற்பது. மாறாக, இரண்டு தளத்திற்கும் சேர்த்துப் பொறியாளரிடம் வரைபடம் வாங்கி, அஸ்திவாரத்தையும் தூண்களையும் இரண்டு தளத்தின் பாரத்திற்கே போட்டு, தரைத்தளத்தை மட்டும் முழுமையாக முடித்துக் குடியேறுங்கள். வாடகை மிச்சமாகும். அந்த மிச்சமே மேல்தளத்திற்கான முதல் பணம். மேலே நீட்டி விடும் தூண் கம்பிகளுக்குச் சிமென்ட் பால் பூசி, மெலிந்த கான்கிரீட்டால் மூடி வையுங்கள். துருப்பிடித்த கம்பியின் மேல் பிறகு மாடி எழுப்பக் கூடாது.

திட்டமிட்ட தொகையில் பத்தில் ஒரு பங்கைத் தனியே வைத்து, அது இல்லை என்றே எண்ணிக் கொள்ளுங்கள். மின் இணைப்பு, போர், சம்ப், கழிவுநீர்த் தொட்டி, சுற்றுச்சுவர், கேட் ஆகியவை சதுர அடிக் கணக்கில் பெரும்பாலும் சேராது. அந்தப் பங்கு அங்கேதான் போகும்.

ஜகாத் பற்றியும் ஒரு வார்த்தை. குடியிருக்க வாங்கிய மனைக்கும் வீட்டுக்கும் ஜகாத் இல்லை. விற்று லாபம் பார்க்க வாங்கிய மனைக்கு உண்டு. வீடு கட்டச் சேர்த்து வைத்திருக்கும் பணம் நிஸாபை எட்டி ஓராண்டு கடந்தால் அதற்கும் ஜகாத் உண்டு என்பதே பெரும்பாலான மார்க்க அறிஞர்களின் கருத்து. உங்கள் கணக்கை வைத்து ஆலிம் ஒருவரிடம் தெளிவு பெறுங்கள்.

4. குடும்பத்திற்குள் எழுத வேண்டியது

மனை அத்தா பெயரில். பணம் துபாயிலோ ரியாத்திலோ இருக்கும் மூத்த மகனுடையது. மேற்பார்வை ஊரில் இருக்கும் தம்பி. நகையை அடகு வைத்துக் கொடுத்தது மருமகள். தமிழ் முஸ்லிம் குடும்பங்களில் மிகப் பரவலான ஏற்பாடு இது. எல்லோரும் உயிரோடும் பிரியத்தோடும் இருக்கும் வரை இதில் பிரச்சினை எதுவும் தெரியாது.

தந்தை இறந்த பின் என்ன ஆகும் என்று பாருங்கள். மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள் இருந்தால், மனைவிக்கு எட்டில் ஒன்று. மீதி மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று என்ற விகிதத்தில். சொத்தை 40 பங்காக்கினால் தாய்க்கு 5, ஒவ்வொரு மகனுக்கும் 14, மகளுக்கு 7. பத்திரம் தந்தை பெயரில் இருந்து, வேறு எதுவும் எழுதப்படாமல் இருந்தால், முழுப் பணத்தையும் போட்ட மூத்த மகனுக்கும் 14 பங்குதான். "வீடு என் காசு" என்று அவர் தங்கையின் 7 பங்கை மறுத்தால், இறைவன் விதித்த பங்கை மறுத்த பாவம். "அதெல்லாம் தெரியாது" என்று மற்றவர்கள் சொன்னால், அவருடைய பல ஆண்டு உழைப்புக்கு அநீதி. இருவரையும் இந்த நிலையில் நிறுத்துவது எழுதாமல் விட்ட ஒரு காகிதம்தான்.

எனவே கடைக்கால் தோண்டும் முன் குடும்பம் உட்கார்ந்து, மகன் கொடுக்கும் பணம் என்ன வகை என்று முடிவு செய்ய வேண்டும்.

கடன்: மகன் தந்தைக்குக் கொடுத்த கடன் என்றால் தொகையும் தேதியும் எழுதி, இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். கடனைத் தீர்த்த பிறகே வாரிசுரிமை (4:11, 4:12). ஆகவே அந்தத் தொகை முதலில் மகனுக்குத் திரும்பும். மிஞ்சியது எல்லோருக்கும் பங்காகும்.

அன்பளிப்பு: பெற்றோருக்குச் செய்த நன்மை என்று மகன் எண்ணினால் அதையும் சொல்லி எழுதி விடட்டும். பிறகு அதைத் திரும்பக் கேட்கக் கூடாது.

பங்கு: மகன் தனக்குரிய வீடாகக் கட்டுகிறார் என்றால், மனையின் ஒரு பகுதியையோ பிரிபடாத பங்கையோ தந்தை நியாயமான விலைக்கு மகனுக்கு விற்றுப் பதிவு செய்யலாம். அந்தப் பணம் தந்தையின் சொத்தாகி மற்ற பிள்ளைகளுக்கும் பயன்படும்.

ஹிபாவாகவே கொடுக்க நினைக்கும் தந்தையர் இரண்டைக் கவனிக்க வேண்டும். ஒரு பிள்ளைக்கு மட்டும் கொடுத்த அன்பளிப்புக்குச் சாட்சியாக இருக்க நபி (ஸல்) அவர்கள் மறுத்த செய்தி, நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்கள் வழியாக ஹதீஸ் நூல்களில் பதிவாகியுள்ளது. பிள்ளைகளிடையே நீதி தவறக் கூடாது. அடுத்தது, ஹிபா நிறைவேற, கொடுப்பதாக அறிவித்தல், பெறுபவர் ஏற்றல், சொத்தை அவர் வசம் ஒப்படைத்தல் மூன்றும் வேண்டும். முஸ்லிம்களின் ஹிபாவுக்குப் பதிவு கட்டாயமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் ஹஃபீஸா பீவி வழக்கில் தீர்ப்பளித்தது. ஆயினும் பட்டா மாற்றம், வரி, பிற்கால விற்பனை எல்லாவற்றிற்கும் பதிவுப் பத்திரமே கேட்கப்படும் என்பதால் பதிவு செய்வதே அறிவு.

உயிலில் எழுதிக் கொள்ளலாம் என்று இருந்து விடாதீர்கள். வாரிசுக்கு எழுதும் வஸிய்யத், மற்ற வாரிசுகள் சம்மதிக்காவிட்டால் செல்லாது.

பெண்களின் பணம் தனி. மஹரும் நகையும் மனைவியின் உடைமை. வீட்டுக்காக நகையைக் கொடுத்தால் அது கடனா, பங்கா, அவராக மனமுவந்து விட்டுக் கொடுத்ததா என்று எழுதுங்கள். கடன் என்றால் ரூபாயை மட்டும் எழுதாமல் எத்தனை கிராம் என்றும் எழுதுங்கள்.

வெளிநாட்டில் இருப்பவர் ஊரில் உள்ளவருக்கு அதிகாரப் பத்திரம் கொடுப்பதானால், அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று, பத்திரம் இந்தியா வந்த மூன்று மாதத்திற்குள் முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும். என்னென்ன செய்யலாம் என்பதை வரையறுத்து எழுதுங்கள். கட்டடம் கட்டத் தரும் அதிகாரத்தில் விற்கும் அதிகாரம் தேவையில்லை.

5. மேஸ்திரியோடு ஒப்பந்தம்

சொந்த மனையில் ஒருவர் தனக்காகக் கட்டும் வீட்டுக்கு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் பாதுகாப்பு இல்லை. உங்கள் பாதுகாப்பு ஒப்பந்தத்தில்தான் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வீடு கட்டித் தருவதையும் சேவையாகக் கருதுகிறது. குறைபாடு இருந்தால் இரண்டு ஆண்டுகளுக்குள் நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். அங்கும் முதலில் கேட்கப்படுவது ஒப்பந்தமும் ரசீதும்தான்.

ஒப்பந்தத்தில் இருக்க வேண்டியவை: சதுர அடி எப்படி அளக்கப்படும் (படிக்கட்டு, போர்டிகோ, சன்ஷேடு சேருமா), சிமென்ட், கம்பி, எம்-சாண்ட், செங்கல், ஒயர், குழாய், டைல்ஸ் ஆகியவற்றின் நிறுவனப் பெயரும் தரமும் விலை உச்சவரம்பும், முடிக்கும் தேதி, கூடுதல் வேலைக்கு எழுத்து மூலமான சம்மதம், கசிவுக்கும் விரிசலுக்கும் பொறுப்புக் காலம்.

பணத்தை நாள் கணக்கில் கொடுக்காமல் வேலைக் கணக்கில் கொடுங்கள். தரைத்தளமும் முதல் தளமுமான வீட்டுக்கு இப்படிப் பிரிக்கலாம்:

- ஒப்பந்தம் போடும்போது 5 சதவீதம்
- பேஸ்மென்ட் முடிந்ததும் 20
- லின்டல் மட்டம் 15
- முதல் ரூஃப் கான்கிரீட் 20
- இரண்டாம் ரூஃப் கான்கிரீட் 15
- பூச்சு வேலை 10
- தரை, மின்சாரம், பிளம்பிங், பெயின்ட் 10
- சாவி கொடுத்து ஒரு மழையைப் பார்த்த பின் 5

நம் பக்கத்தில் கடமை ஒன்று உண்டு. கூலியாளின் வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுத்து விடும்படி நபி (ஸல்) அவர்கள் போதித்துள்ளார்கள். ஒரு கட்டம் முடிந்தது என்று பொறியாளர் சொன்னால் அன்றே பணத்தைக் கொடுங்கள். நோன்பு வைத்து வேலை செய்பவர்களுக்கும், வெயிலில் நிற்கும் சித்தாள்களுக்கும், வட மாநிலத் தொழிலாளர்களுக்கும் நிழல், குடிநீர், கழிப்பிட வசதி செய்து கொடுங்கள்.

6. வேலை நடக்கும்போது பார்க்க வேண்டியவை

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். ஜனவரியில் கடைக்கால் தோண்டினால் மழைக்கு முன் ரூஃப் ஏறிவிடும். ஏரியை ஒட்டிய மனை என்றால் மண் பரிசோதனை செய்த பிறகே அஸ்திவாரத்தை முடிவு செய்யுங்கள்.

கம்பி வந்து இறங்கும்போது எடையைச் சரிபார்க்க எளிய கணக்கு: விட்டத்தை (மில்லிமீட்டரில்) அதே எண்ணால் பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டருக்கான எடை கிலோவில் வரும். 12 மி.மீ. கம்பி மீட்டருக்கு 0.89 கிலோ. 12 மீட்டர் நீளக் கம்பி ஏறத்தாழ 10.7 கிலோ இருக்க வேண்டும்.

கான்கிரீட் போடும் முன் கம்பிக்கும் பலகைக்கும் இடையில் கவர் பிளாக் இருக்கிறதா பாருங்கள். தளத்திற்கு 20 மி.மீ., தூணுக்கு 40, அஸ்திவாரத்திற்கு 50 என்பது பொது அளவு. கலவை இளகுவதற்காகத் தண்ணீரை ஊற்ற விடாதீர்கள், வலு போய்விடும். கான்கிரீட்டை இந்தியத் தர விதிப்படி குறைந்தது 7 நாள் ஈரமாக வைக்க வேண்டும். பி.பி.சி. சிமென்டுக்கும் நம் ஊர் வெயிலுக்கும் 10 நாளுக்குக் குறையாமல் இருப்பது நல்லது. பீம்களின் அடியில் உள்ள முட்டுகளை 14 நாளுக்கு முன் எடுக்கக் கூடாது. 6 மீட்டருக்கு மேல் நீளமானால் 21 நாள்.

சுவர் பூசும் முன் எல்லா மின் குழாய்களையும் தண்ணீர்க் குழாய்களையும் செல்போனில் படம் எடுத்து வையுங்கள். பிற்காலத்தில் ஆணி அடிக்கும்போது உதவும்.

தெருவை அடைத்து மணலும் ஜல்லியும் கொட்டாதீர்கள். உங்கள் கூரைத் தண்ணீர் பக்கத்து வீட்டில் விழக் கூடாது. அண்டை வீட்டாரின் உரிமை, நாம் குடியேறும் முன்பே தொடங்கி விடுகிறது.

7. நம் தேவைக்கேற்ற வரைபடம்

வாஸ்துவுக்காகச் சுவரை இடிக்கும் பழக்கம் நம்மவர்களிடமும் புகுந்துள்ளது. காற்று, வெளிச்சம், மேற்கு வெயில் இவற்றைப் பார்த்து அறைகளை அமையுங்கள். இங்கிருந்து கிப்லா, மேற்கிலிருந்து ஏறத்தாழ 18 பாகை வடக்காகச் சாய்ந்து இருக்கிறது. கழிப்பறைப் பீடங்களை வடக்கு அல்லது தெற்கு நோக்கி வைத்தால் கிப்லாவை முன்னோக்குவதோ பின்னோக்குவதோ இராது. இதை வரைபடத்திலேயே குறித்து விடுங்கள். டைல்ஸ் ஒட்டிய பின் மாற்ற முடியாது.

விருந்தினர் அறையும் அதற்கான கழிப்பறையும் வாசலை ஒட்டி இருந்தால் வீட்டுப் பெண்கள் உள்ளே இயல்பாக நடமாடலாம். உட்கார்ந்து ஒளுச் செய்யத் தாழ்வான குழாய் ஒன்று வையுங்கள். முதியோர் அறை தரைத்தளத்தில், குளியலறையோடு, வழுக்காத தரையோடும் பிடிமானக் கம்பியோடும் இருக்கட்டும். முன் வாசலும் நடையும் படிக்கட்டும், நான்கு பேர் ஒரு சந்தூக்கைச் சிரமமின்றித் தூக்கிச் செல்லும் அகலம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். கேட்கச் சங்கடமான கேள்விதான். ஆனால் அந்த வீட்டிலிருந்து ஒரு நாள் நாமும் புறப்பட வேண்டியவர்களே.

குடியேறும் நாளில் பெரிய விருந்துக்காகக் கடன் வாங்க வேண்டாம். வேலை செய்தவர்களையும் அண்டை வீட்டாரையும் அழைத்து இருப்பதை உண்ணக் கொடுங்கள். எல்லாப் பத்திரங்களின் நகலையும் ஒரே கோப்பில் வைத்து, மனைவிக்கும் வயது வந்த பிள்ளைகளுக்கும் அது இருக்கும் இடத்தைக் காட்டுங்கள்.

ஹலாலான பணத்தில், யாருடைய உரிமையும் கலக்காத ஒரு வீட்டை நம் ஒவ்வொரு குடும்பத்திற்கும் அல்லாஹ் எளிதாக்கித் தருவானாக. ஆமீன்.